கட்டாக் கருவாடும் சீனத்து மரியாதையும்

பழைய சீனத்தில் விருந்தாளி வந்தால் வீட்டுக்காரன் வாசலுக்கு வெளியே வந்து நின்று அழைக்க வேண்டும். உள்ளே போகும் வழியில் ஒவ்வொரு கதவிலும் ஒதுங்கி நின்று, முதலில் நீங்கள் போங்கள் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரனுக்குக் கிழக்குப் படி, வந்தவனுக்கு மேற்குப் படி. விரித்த பாய் கோணலாக இருந்தால் அதில் இருப்பதே பிழை. இவற்றையெல்லாம் நான் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தேன். படித்ததைத் திருகோணமலையில் மூன்று கனவான்களுக்கு விளங்கப்படுத்தும் பாக்கியமும் எனக்குக் கிடைத்தது.

அப்போது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை. நிலாவைப் பார்த்து வாரத்துக்கு ஒன்றாக வரும் போயா தினந்தான் விடுமுறை. போயாவுக்குப் போயா பின்னேரத்தில் இந்த மூவரும் ஒரு வீட்டின் முன் விறாந்தையில் கூடி, உலகத்து ஞானங்களை ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். தங்களை ஒரு வட்டம் என்று சொல்லிக்கொண்டார்கள். மூன்று பேரை வைத்து எப்படி வட்டம் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

விறாந்தை, கடற்படைக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவருடையது. வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகியும், அவருக்கு முன்னால் இன்னும் ஒரு வெள்ளைக்காரன் நடந்துகொண்டிருந்தான். மனிதர் தன் சொந்த வளவிலேயே சற்றுப் பின்தங்கித்தான் நடப்பார். இரண்டாமவர் பிரக்கிராசியார். நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற அதே குரலில் தேத்தண்ணிக்குச் சீனி கேட்பார். மூன்றாமவர் எங்கள் பாடசாலை அதிபர். அவர்தான் என்னை அங்கே கூட்டிப்போனார். கிரேக்கமும் உரோமாபுரியும் முடிந்து சீனத்துக்கு வந்ததும் மூவருக்கும் கையிருப்புத் தீர்ந்துவிட்டது. பழைய வரலாறு படித்த பட்டதாரி ஒருத்தி, அதாவது நான், பாடசாலைக்கு ஆசிரியையாகப் புதிதாக வந்திருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

"நல்ல கெட்டிக்காரப் பிள்ளை," என்று அதிபர் என்னை அறிமுகப்படுத்தினார். பிறகு, எனக்குக் கேட்காது என்று எண்ணிக் குரலைத் தாழ்த்தி, "சல்லிப் பக்கம். தாய் மீன் விக்கிறவ," என்றார்.

"படிச்சாப் பிறகென்ன," என்றார் வீட்டுக்காரர். அதைச் சொன்ன அழகைத் தானே மெச்சிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார்.

சல்லி எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இந்த விறாந்தை வீட்டின் பின்பக்கக் குசினி வாசலில்தான் அவர் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மீன் விற்றுவந்தார். அதிபர் அதைத் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கத் தேவையில்லை. நானே உரத்துச் சொல்லியிருப்பேன்.

முதல் நாளே பிரக்கிராசியார் கைக்குட்டையை விரித்து ஒரு பீங்கான் துண்டைக் காட்டினார். வெள்ளையில் நீலக் கோடு. சீனன்குடாக் கரையில் கண்டெடுத்தாராம்.

"பிள்ளை, இது என்னெண்டு தெரியுமோ? ஈராயிரம் வருசத்துக்கு முந்தின சீனப் பீங்கான். அந்த இடத்துக்குச் சீனன்குடா எண்டு சும்மாவோ பேர் வந்தது?"

வாங்கிப் பார்த்தேன். வெள்ளைக்காரக் கடற்படையினர் சாப்பிட்டு, உடைந்ததும் கடலில் எறிந்த பீங்கான். அதே நீலக் கோடு போட்ட ஒன்று எங்கள் வளவில் கிடக்கிறது. அதில்தான் கோழிகளுக்குத் தவிடு வைக்கிறோம். ஈராயிரம் வருடத்துக்கு முன்பு சீனர் மண்ணிலும் மரத்திலும் வெண்கலத்திலும் சாப்பிட்டார்கள். இந்த நீல வெள்ளைக்கு இன்னும் பல நூறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. இதை நான் சொன்னேன். கோழிகளையும் விடாமல் சொன்னேன்.

"புத்தகத்தில கிடக்கிறது வேற, கையில கிடைக்கிறது வேற," என்று பிரக்கிராசியார் துண்டை மறுபடி கைக்குட்டையில் சுற்றினார்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அந்தப் பீங்கான்களைக் கப்பல்களுக்கு அனுப்பிவைத்ததே அவருடைய கந்தோர். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அவர் கைக்கு அடையாளம் தெரியும். அவர் விறாந்தைத் தூணைப் பார்த்தபடி, "இருக்கலாம், இருக்கலாம்," என்றார். பிரக்கிராசியார் பெரிய மனிதர். ஆகவே பீங்கானும் சீனத்துப் பீங்கான்.

சீனத்தில் அவர்களுக்குப் பிடித்தவர் ஒரேயொருவர்: சடங்கையும் மரியாதையையும் போதித்த ஒரு பழைய ஆசான். அவருக்கு முந்திய அரசர்கள் ஆமையின் அடியோட்டை நெருப்பில் காட்டி, வெடிப்பு விழுந்த போக்கைப் பார்த்து முன்னோரின் விருப்பத்தை அறிந்தார்கள் என்று சொன்னபோது அதிபர் கொட்டாவி விட்டார். அரசன் செத்தால் வேலைக்காரரையும் வெட்டிக் கூடவே புதைத்தார்கள் என்றபோது, "அது அந்தக் காலம்," என்று பிரக்கிராசியார் மன்னித்தார். கொடுங்கோலனிடமிருந்து வானம் தன் ஆணையைப் பறித்து வேறொருவனிடம் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை வீட்டுக்காரருக்குச் சங்கடமாக இருந்தது. ஆசானிடம் வந்ததும் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவனும் தன் தன் இடத்தில் ஒழுங்காக நின்றால் நாடு தானாக நேராகும் என்பது அவர் போதனை. தங்கள் இடம் எது என்பதில் இந்த மூவருக்கும் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. தலையாட்ட அவர்களுக்கு என்ன கஷ்டம்? மனத்தில் அன்பில்லாதவன் செய்யும் சடங்கால் என்ன பயன் என்று அதே ஆசான் கேட்டதை நான் சொன்னபோது தேத்தண்ணி வந்துவிட்டது.

தேத்தண்ணிக் கோப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீனத்தில் பெரியவர்களின் சடங்குக்கு மூன்று கால் வைத்த வெண்கலக் கலங்கள் வைப்பார்கள். பேரரசனுக்கு ஒன்பது, சிற்றரசனுக்கு ஏழு, அதற்குக் கீழே ஐந்து என்று போகும். கலத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். இதை நான் விவரித்துக்கொண்டிருந்த பின்னேரத்தில்தான் என் கையிலிருந்த கோப்பையைக் கவனித்தேன். எல்லாம் ரோசாப்பூப் போட்ட கோப்பைகள். எனக்கு வந்தது பிடியில் கீறல் விழுந்தது. முந்திய போயாவிலும் அதுவே. அதற்கு முந்தியதிலும் அதுவே. கதிரையும் அப்படித்தான். அவர்களுக்குக் கை வைத்த கதிரை; எனக்கு உள்ளேயிருந்து கொண்டுவரும் கையில்லாத கதிரை. சீனர் இத்தனை வெண்கலத்தை உருக்கியது வீண் செலவு. இவர்களுக்கு ஒரு கீறலே போதுமாக இருந்தது.

சீனத்தை முடித்துவைக்க நான் ஒரு நீண்ட பேச்சு எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த ஆசானையும், அவருக்குப் பின் வந்து அவரை எதிர்த்த ஒருவனையும் வைத்து எழுதினேன். எதிர்த்தவன் தச்சர், கைவினைக்காரர் நடுவிலிருந்து வந்தவன் என்பார்கள். வருடக்கணக்கில் துக்கம் காப்பது, விலைகூடிய சவப்பெட்டி, அரண்மனைச் சங்கீதம் எல்லாம் பசித்தவனின் வயிற்றிலிருந்து எடுத்த ஆடம்பரம் என்றான். தன் தகப்பனை நேசிப்பதுபோல் மற்றவன் தகப்பனையும் நேசித்தால் சண்டை எதற்கு என்று கேட்டான். சடங்காசானைவிட எனக்கு அவனைப் பிடிக்கும்.

"அவனை விடுங்கோவன் பிள்ளை," என்றார் அதிபர். "கடைசியில ஒரு வசனத்தில சொல்லி முடிச்சால் காணும்."

"அந்தக் காலத்திலயே கொம்யூனிஸ்ட் இருந்திருக்கிறான்," என்று பிரக்கிராசியார் சிரித்தார். "எல்லாரையும் ஒரே மாதிரி நேசிக்கிறதெண்டா, என்ர மகனும் தோட்டக்காரன்ர மகனும் ஒண்டோ?"

"அவன் கேட்டதும் அதுதான், ஐயா," என்றேன்.

வீட்டில் நான் சத்தமாக வாசித்துப் பழகுவதை அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த விறாந்தையில இருந்தோ இதெல்லாம் கதைக்கிறாய்?"

"ஓம்."

"கதிரையிலயோ?"

"பின்ன, நிலத்திலயோ?"

"பிரக்கிராசியாருக்குப் பக்கத்தில?"

"ஓம் அம்மா."

அம்மா மீன் கத்தியைக் கீழே வைத்தார். "நான் ஒருக்கா வரோணும். உன்ர கதை விளங்காட்டிக் கிடக்கட்டும். நீ அந்தக் கதிரையில இருக்கிறதை என்ர கண்ணால பாக்கோணும். இவ்வளவு வருசமும் அந்த விறாந்தையைப் பின்பக்கத்தாலதானே பாத்திருக்கிறன்."

அதன்பிறகு அந்தப் பேச்சில் எனக்கு வேண்டியது ஒன்றாகச் சுருங்கிவிட்டது. அம்மா முன்வாசலால் வந்து, விறாந்தையில் இருந்து, என்னைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொன்னேன்.

"என்ர அம்மாவும் கேக்க வருவா."

"வரட்டும், வரட்டும். வீட்டில இடமில்லையோ?" என்றார் அவர்.

அன்றைக்கு அம்மா கோயில் திருவிழாவுக்கு உடுக்கும் சேலையை உடுத்தினார். பனையோலையில் சுற்றிய ஒரு கட்டு கையில் இருந்தது. நல்ல கட்டா மீன் கருவாடு. அவரே கீறி உப்பிட்டுக் காயவைத்தது. எதற்கு என்று கேட்டேன். "ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடயோ போறது?" என்றார்.

இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கி, அந்த வீட்டுப் படலையைத் திறந்தோம். யாரும் வாசலுக்கு வந்து அழைக்கவில்லை. வளவின் பக்கவாட்டில் நின்ற வீட்டுக்காரரின் மனைவி அம்மாவை மட்டும் கண்டார்.

"ஆ, மீன்காரி! நல்ல நேரம் வந்தாய். இஞ்சால வா."

அம்மாவின் கால்களுக்கு அந்தப் பாதை பழகிப்போயிருந்தது. "நீ போ பிள்ளை, இதைக் குடுத்திட்டு வாறன்," என்று பக்கத்தால் போனார். நான் முன்படியால் ஏறினேன். விறாந்தையில் கை வைத்த கதிரைகள் மூன்று, கையில்லாத கதிரை ஒன்று. ஐந்தாவது எதுவும் போட்டிருக்கவில்லை.

பேச்சைத் தொடங்கினேன். அம்மா வருவார் என்று ஒவ்வொரு பக்கமாக இழுத்தேன். என் இடத்திலிருந்து நடுவறையினூடாகப் பார்த்தால் குசினிக் கதவு தெரியும். அதன் படியில், வெளிப்பக்கம் பார்த்தபடி, திருவிழாச் சேலையின் முதுகு. பக்கத்தில் தகரப் பேணி. அந்த வீட்டுக் கோப்பைகளில் அதுதான் என் கீறல் கோப்பைக்கும் கீழே.

விருந்தாளியை வரவேற்கும் முறையை நான் விவரித்தேன். வாசலுக்கு வெளியே போவது, கதவுக்குக் கதவு ஒதுங்குவது, படிகள், பாய்.

"என்ன நாகரிகம்!" என்றார் பிரக்கிராசியார்.

"எங்கட ஆக்களிட்ட இது இல்லை," என்று அதிபர் வருந்தினார்.

வீட்டுக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான் இரவல் கொடுத்த புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசித்திருந்தார். "அந்த ஆசானிட்ட ஒரு சங்கதி இருக்கெல்லோ பிள்ளை? காய்ஞ்ச இறைச்சிக் கட்டொண்டைக் கையில கொண்டு படிக்க வந்த ஒருத்தனையும் அவர் திருப்பி அனுப்பேல்லையாம். ஏழையோ பணக்காரனோ, அவருக்கு அது தேவையில்லை. அதல்லோ பெருந்தன்மை!"

அந்த நேரம் பார்த்துக் குசினியில் யாரோ கருவாட்டில் ஒரு துண்டைத் தணலில் போட்டார்கள். மணம் நடுவறையைக் கடந்து விறாந்தைக்கு வந்தது. பிரக்கிராசியார் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். பீங்கான் துண்டைச் சுற்றி வைத்த அதே கைக்குட்டை.

"ஞானத்துக்கு நடுவில இதென்ன ஐயா, மீன் சந்தை!"

வீட்டுக்காரர் பதறிப்போய் உள்ளே பார்த்துச் சத்தமிட்டார். "ஆரது? அந்தக் குசினிக் கதவைச் சாத்துங்கோ!"

கதவு சாத்தப்பட்டது. சேலையின் முதுகு மறைந்தது.

"கதவைத் திறக்கச் சொல்லுங்கோ," என்றேன். "அதைக் கொண்டுவந்தவ என்ர அம்மா. நீங்கள் வரச் சொன்ன ஆள்."

"ஓ, வந்திட்டாவோ? நல்லது, நல்லது." அவர் முகத்தில் உண்மையிலேயே ஒரு குற்றவுணர்வும் இல்லை. "உள்ளுக்கு இருக்கட்டுமன் பிள்ளை. அவவுக்கும் அதுதான் வசதி. கேக்கிறதெண்டா அங்கயும் கேக்கும்."

"கதவைச் சாத்தினால் எப்பிடிக் கேக்கும்?"

அதிபர் என்னைப் பார்த்த பார்வையில், என் நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது எழுதியிருந்தது. நான் எழுந்து உள்ளே போனேன். அந்த வீட்டின் நடுவறையை அன்றுதான் முதல் தடவை மிதித்தேன். குசினிக் கதவைத் திறந்ததும் அம்மா திரும்பினார்.

"முடிஞ்சுதோ?"

"இல்லை. எழும்புங்கோ."

"இஞ்ச நல்ல காத்து வருது பிள்ளை. நான் இதில…"

"எழும்புங்கோ அம்மா."

அம்மா எழுந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடிக்காதபடியால் பேணியையும் கையில் எடுத்துக்கொண்டார். நடுவறை வாசலில் நான் ஒதுங்கி நின்று, முதலில் நீங்கள் போங்கோ என்றேன். "எங்க, எங்க அங்கால போறியள்?" என்று வீட்டுக்காரரின் மனைவி பின்னால் கூப்பிட்டார். விறாந்தைக்கு வந்து, என் கதிரையை நேராக வைத்து, அம்மாவை அதில் இருத்தினேன். அந்தத் தகரப் பேணி தன் வாழ்நாளில் முதல் தடவையாக விறாந்தையைப் பார்த்தது. அம்மா கதிரையின் நுனியில் இருந்து, சத்தமாக ஒரு வாய் உறிஞ்சினார்.

நான் நின்றபடி வாசித்தேன். ஒரே வசனத்தில் முடிக்கும்படி அதிபர் சொன்ன அந்த எதிராளியைப் பற்றி நான் எழுதியிருந்த அத்தனை பக்கத்தையும் வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் பிரக்கிராசியாருக்குக் கட்சிக்காரன் ஒருவன் வரவிருப்பது ஞாபகம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் அதிபருக்குக் கோயில் கூட்டம் ஞாபகம் வந்தது. ஆசானின் மரியாதைகளை மெச்சிய வாயால் இருவரும் ஒரு சொல் சொல்லாமல் படியிறங்கினார்கள். வீட்டுக்காரருக்கும் ஏதாவது ஞாபகம் வந்திருக்கும். ஆனால் அவர் எங்கே போவது? வீடு அவருடையது.

எதிராளியின் கதையில் கடைசியில் ஒரு சம்பவம் வரும். பெரிய நாடு ஒன்று சின்ன நாடு ஒன்றின்மேல் படையெடுக்கப் போவதைக் கேள்விப்பட்டு, அவன் கால் வெடிக்க நடந்து போகிறான். பெரிய நாட்டு அரசனோடு வாதாடிப் போரை நிறுத்துகிறான். திரும்பி வரும் வழியில், அவன் காப்பாற்றிய அந்தச் சின்ன நாட்டு வாசலிலேயே மழை பிடித்துக்கொள்கிறது. ஒதுங்கப் போகிறான். வாசல்காரன் உள்ளே விடவில்லை.

நான் காகிதத்தை மடித்தேன். அம்மா பேணியின் அடியைப் பார்த்து யோசித்தார்.

"விசரன்," என்றார். "குசினிப் பக்கமாப் போயிருந்தால் விட்டிருப்பாங்கள்."

வீட்டுக்காரர் தூணைப் பார்த்தார். "இருக்கலாம், இருக்கலாம்," என்றார்.

வட்டம் அடுத்த போயாவில் எகிப்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எகிப்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. கருவாட்டைத் திருப்பி அனுப்பவும் இல்லை; உப்பு அளவாக இருந்தது என்று, அதில் பங்கு கிடைத்த அதிபரே ஒருநாள் ஆசிரியர் அறையில் வேறொருவரிடம் சொன்னார். அந்தச் சீன ஆசான் இறைச்சிக் கட்டை வாங்கிக்கொண்டு படிப்பித்தார். இவர்கள் கருவாட்டுக் கட்டைத் தின்றுவிட்டுப் படிப்பை வேண்டாம் என்றார்கள். என் நியமனம் தாமதமாகத்தான் நிரந்தரமானது. ஆனால் ஆனது. பட்டம் அவர்கள் வீட்டுக் கோப்பை இல்லையே, எனக்கென்று கீறல் விழுந்ததைப் பார்த்துத் தருவதற்கு.

அன்றைக்கு நாங்கள் முன்படியால் இறங்கி, முன்படலையால் வெளியே வந்தோம். பஸ் தரிப்பிடத்தில் அம்மா பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வென்றுவிட்ட உற்சாகத்தில் இருந்தேன்.

"என்னம்மா, விறாந்தை எப்பிடி?"

"என்ன எப்பிடி? நான் என்னத்துக்கு வந்தனான்?" அம்மாவுக்கு மெய்யாகவே கோபம். "நீ கதிரையில இருக்கிறதைப் பாக்க வந்தனான். நீ என்னை அதில இருத்திப்போட்டு, கடைசி மட்டும் நிண்டுகொண்டு நிக்கிறாய். நான் கண்டது என்ன? அந்த மனுசன் தூணைப் பாத்ததைத்தான் கண்டனான்."

"பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ," என்றேன். "வகுப்பில எனக்கெண்டு ஒரு கதிரை கிடக்கு. கை வைச்சது."

"அங்க இருப்பியோ? வாத்திமார் எந்த நேரமும் நிக்கிறவையெல்லோ."

"நீங்கள் வாற அண்டைக்கு இருப்பன்."

"பாப்பம்," என்றார் அம்மா. பஸ் வந்தது. சல்லியில் இறங்கும் வரை இருவருக்கும் இருக்கை கிடைக்கவில்லை.